கேட் படிக்க எங்கே போகலாம்? கல்லூரி லேப், சென்டர், வீட்டு லேப்டாப், பட்டறை

அக்கா மகன் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். தீபாவளிக்கு வந்தவன் முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "மாமா, சாலிட்வொர்க்ஸ் படிக்கறதா, கேட்டியா படிக்கறதா?" என்றான். உள்ளே இருந்து என் அம்மா, "யாரைக் கேட்டியா?" என்று குரல் கொடுத்தார். கேட்டியா என்பது பிரான்ஸில் டசால்ட் என்ற விமானக் கம்பெனி 1970களில் தன் சொந்தத் தேவைக்கு எழுத ஆரம்பித்த வடிவமைப்பு மென்பொருள், சாலிட்வொர்க்ஸும் அதே இனம் என்று அவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் தட்டு காலி.

அவன் பையில் மூன்று நோட்டீஸ்கள் இருந்தன, மூன்றும் கேட் பயிற்சி சென்டர்கள். (இந்தக் கட்டுரை முழுக்கக் கேட் என்றால் கணினியில் வடிவமைப்பு. எம்.டெக் சேர எழுதும் கேட் பரீட்சை இல்லை. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத வேண்டியிருக்கிறது.) ஒரு நோட்டீசில் ஐந்து மென்பொருள், ஆறு மாதம், "மாஸ்டர் டிப்ளமோ", வேலைக்கு நூறு சதவீத உதவி என்று போட்டிருந்தது. "உதவி" மட்டும் பொடி எழுத்தில்.

நான் கோவையில் பம்பு செய்யும் ஒரு நிறுவனத்தின் டிசைன் பிரிவில் பதினாறு வருடமாக இருக்கிறேன். வருடா வருடம் புதிதாகப் படித்து முடித்த பிள்ளைகளை இன்டர்வியூ செய்யும் வேலையும் என் தலையில்தான் விழுகிறது. அதனால் எனக்கு அவன் கேள்வியே கொஞ்சம் தள்ளி நிற்பதாகப் பட்டது. எந்த மென்பொருள் என்பது இரண்டாவது கேள்வி. எங்கே உட்கார்ந்து கற்பது என்பதுதான் முதலில் முடிவு செய்ய வேண்டியது. வழி நான்கு இருக்கிறது: கல்லூரி லேப், காசு கட்டிப் படிக்கும் சென்டர், வீட்டில் இலவச மென்பொருளை வைத்துக்கொண்டு தானாகக் கற்பது, ஒரு பட்டறையில் ஒண்டிக்கொள்வது. நான்கையும் நான் ஒரே அளவுகோலில்தான் அளப்பேன்: நீங்கள் போட்ட டிராயிங்கைப் பார்த்து, "இது தப்பு, இப்படிச் செய்ய முடியாது" என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்கிறாரா?

ஏன் இந்த அளவுகோல் என்று ஒரு இன்டர்வியூவைச் சொன்னால் விளங்கும்.

மேசைமேல் வார்ப்பிரும்பில் செய்த பேரிங் ஹவுசிங் ஒன்றை வைப்போம். உள்ளங்கை அளவுதான் இருக்கும், நான்கு துளை. பக்கத்தில் நுணுக்கமாக அளக்க ஒரு வெர்னியர். 6205 (பேரிங்கின் அளவைச் சொல்லும் எண்) பேரிங் உட்காரும் இடம் அது. அளந்து, மாடல் போட்டு, டிராயிங் எடுக்க வேண்டும், ஒரு மணி நேரம். போன வருடம் வந்த ஒரு பையனின் போர்ட்ஃபோலியோவில் ஜெட் இன்ஜின் இருந்தது. பளபளவென்று, பின்னணியில் மேகத்தோடு. ஹவுசிங்கையும் அவன் இருபது நிமிடத்தில் மாடல் போட்டுவிட்டான், என்னைவிட வேகமாகவே. டிராயிங்கில் பேரிங் உட்காரும் துளைக்கு 52 என்று எழுதியிருந்தான். அவ்வளவுதான், வெறும் 52.

6205 பேரிங்கின் வெளி விட்டம் 52 மில்லிமீட்டர், சரிதான். ஆனால் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு) எழுதாத 52 என்றால், பொது டாலரன்ஸ் அட்டவணையில் நடுத்தர வகுப்புப்படி 0.3 மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று லேத்தில் கடையும் டர்னருக்கு அர்த்தம். 51.7 வந்தால் பேரிங் உள்ளே போகாது. 52.3 வந்தால் லொடலொடவென்று ஆடும். அங்கே போட வேண்டியது 52 எச்7. அதாவது 52.000க்கும் 52.030க்கும் நடுவில். அந்த முப்பது மைக்ரான் தலைமுடியைவிட மெல்லியது, மோட்டார் பம்பு சத்தமில்லாமல் ஓடுவது அதில்தான் இருக்கிறது. பையனிடம் கேட்டேன். எச்7 அவனுக்குத் தெரிந்திருந்தது, பரீட்சைக்குப் படித்திருக்கிறான். டிராயிங்கில் அது எங்கே வந்து உட்காரும் என்று யாரும் அவனுக்குக் காட்டவில்லை.

அப்புறம் ஒரு வேலை செய்வேன். "பேரிங் 6305 ஆக மாறிவிட்டது தம்பி, 52ஐ 62 ஆக்குங்கள்" என்பேன். மாடலுக்கு அடியில் இருக்கும் ஸ்கெட்ச், அளவாலும் கோடுகளுக்குள் உள்ள உறவாலும் ஒழுங்காகக் கட்டுப்பட்டிருந்தால் ஒரு எண்ணை மாற்றினால் சுவரும் துளைகளும் கூடவே நகர்ந்து வழிவிடும். கோடுகளைச் சும்மா கண்ணளவில் நிறுத்தியிருந்தால் நான்கு துளையும் நடுத்துளைக்குள் இடிந்து விழும், பக்கவாட்டில் சிவப்புச் சிவப்பாக எச்சரிக்கை வரும். பல மென்பொருள்களில் கட்டுப்படாத கோடு நீலமாகவும், கட்டுப்பட்டது கறுப்பாகவும் இருக்கும். நீலத்தை நீலமாகவே விட்டுவிட்டு மேலே போகிறவர்கள்தான் அதிகம்.

கல்லூரி லேப்

அண்ணா பல்கலையின் 2021 ரெகுலேஷனில் படிக்கும் மெக்கானிக்கல் மாணவனுக்கு இது மூன்று தவணையாக வருகிறது. இரண்டாம் செமஸ்டரில் மினி டிராஃப்டரை வைத்துக் கையால் போடும் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ். மூன்றாம் செமஸ்டரில் கணினியில் மெஷின் டிராயிங், அதில்தான் ஃபிளாஞ்ச் கப்ளிங், பிளம்மர் பிளாக் (பேரிங்கைத் தாங்கும் கட்டை), ஸ்க்ரூ ஜாக், லேத் டெயில்ஸ்டாக் எல்லாம். ஆறாம் செமஸ்டரில் கேட்/கேம் லேப் (கேம் என்றால் கணினி வழி உற்பத்தி). தன்னாட்சிக் கல்லூரிகளில் வரிசை கொஞ்சம் மாறும்.

பாடத்திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாம் செமஸ்டர் லேபிலேயே ஃபிட், டாலரன்ஸ், வெல்டிங் குறியீடு எல்லாம் இருக்கிறது. சிக்கல் வரிசையில் இருக்கிறது. டாலரன்ஸை எழுதச் சொல்வது மூன்றாம் செமஸ்டரில், அளவியல் பாடம் ஐந்தாம் செமஸ்டரில். மைக்ரோமீட்டரைத் திருகிப் பார்ப்பதற்கு ஒரு வருடம் முன்பே மைக்ரானை எழுத வேண்டும். அப்போது எச்7 என்பது வெறும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்தான், கையில் அதற்கு உணர்வே கிடையாது. ஆகவே சீனியரின் ஃபைலை வாங்கி, டைட்டில் பிளாக்கில் பெயரை மாற்றி, பிரிண்ட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், பொய் சொல்வானேன்.

ஆனாலும் நான்கு வழிகளில் இதற்குத்தான் ஏற்கெனவே காசு கட்டியாகிவிட்டது. லைசென்ஸ் உள்ள மென்பொருள் இருக்கிறது, ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லா லேபும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கிறது. லேப் அசிஸ்டென்ட் அண்ணனைச் சிநேகம் பிடித்துக்கொண்டால் அந்த நேரம் உங்களுடையது. பிளம்மர் பிளாக்கைப் பாடப் புத்தகத்தில் இருந்து போடுவதோடு விடாமல், ஒர்க்‌ஷாப்பில் நிஜ பிளம்மர் பிளாக் ஏதாவது கிடக்கிறதா என்று தேடி அதை அளந்து போடுங்கள். அதற்குத் தனி ஃபீஸ் கிடையாது. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் வழியாகவும் கல்லூரிகளுக்கு டிசைன் சார்ந்த கோர்ஸ்கள் வருகின்றன. வருகைப் பதிவுக்காக உட்காருகிறவர்களே அதில் அதிகம், அது கோர்ஸின் குற்றம் ஆகாது.

கையால் போடும் டிராயிங்கை "இந்தக் காலத்தில் எதுக்கு" என்று தள்ளுகிறவர்களுக்கு ஒன்று. நம் நாட்டுத் தரநிலைப்படி நாம் ஃபர்ஸ்ட் ஆங்கிளில் வரைகிறோம், அமெரிக்கர்கள் தேர்ட் ஆங்கிளில். மேல், பக்க வியூக்களைத் தாளில் எந்தப் பக்கம் வைப்பது என்பதில் இரண்டும் நேர் எதிர். அமெரிக்க டெம்ப்ளேட்டோடு மென்பொருளை இன்ஸ்டால் செய்தால் அது பாட்டுக்குத் தேர்ட் ஆங்கிளில் வியூவை அடுக்கும். மூலையில் இருக்கும் குட்டிக் கூம்புச் சின்னத்தைப் பார்க்காமல் பட்டறைக்கு அனுப்பினால், துளை எதிர்ப்பக்கம் போய்விட்ட ஒரு பார்ட் திரும்பி வரும். வியூவைக் கையால் வரைந்து பழகியவன் கண் அதைச் சட்டென்று பிடித்துவிடும்.

பயிற்சி சென்டர்

என் பொறுமை குறைவாக இருக்கும் இடம் இது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு மென்பொருளுக்குச் சில ஆயிரம், நாலைந்தைச் சேர்த்து டிப்ளமோ என்றால் அரை லட்சத்தை நோக்கிப் போகும். அந்தக் காசுக்குக் கிடைப்பது ஒரு நேர ஒழுங்கு. தினம் இரண்டு மணி நேரம் போய் உட்கார்ந்தே ஆகவேண்டும், பக்கத்தில் கேட்க ஓர் ஆள் இருப்பார். சொந்தமாக ஒரு மாதம்கூட எதையும் விடாமல் செய்ததில்லை என்று தன்னைப் பற்றித் தெரிந்தவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கல்லூரி லேபில் பாதி கம்ப்யூட்டர் உயிரோடு இல்லை என்றாலும் சென்டர் நியாயமான வழிதான்.

குறை எங்கே என்றால், அங்கே கட்டளைகளைத்தான் வரிசையாகச் சொல்லித் தருகிறார்கள். இன்று எக்ஸ்ட்ரூட், நாளை ரிவால்வ், வெள்ளிக்கிழமை ஸ்வீப். பயிற்சிப் புத்தகத்தில் எல்லா அளவும் ஏற்கெனவே போட்டிருக்கும், பார்த்துப் போட வேண்டியதுதான். எதையும் அளக்க வேண்டாம், எதையும் தீர்மானிக்க வேண்டாம். சொல்லித் தருகிறவர் பல இடங்களில் போன பேட்சில் படித்த அண்ணன், அவரும் பட்டறைக்குள் போனதில்லை. மாடல் வந்துவிட்டால் "ஓகே, அடுத்தது" என்பார். தப்பைத் தப்பு என்று சொல்லும் ஆள் அங்கே கிடைப்பது கஷ்டம்.

எல்லா சென்டரும் இப்படி இல்லை. சேருவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்: "டீட்டெயில் டிராயிங்குக்கு எத்தனை நாள்? என் டிராயிங்கை யார் திருத்துவார்?" முதல் கேள்விக்கு "கடைசி வாரம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

இந்த வகையிலேயே தனியாக வைக்க வேண்டியது அரசு சார்ந்த நிறுவனங்கள். சென்னை கிண்டியில் 1968 முதல் இயங்கும் சிப்பெட் என்ற மத்திய அரசு பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனத்தில் பிளாஸ்டிக் மோல்டு (வார்க்கும் அச்சு) டிசைனைக் கேட்/கேமோடு சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள். அதே 1968இல் ஹைதராபாத்தில் தொடங்கிய மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம் டூல் டிசைனுக்குப் பெயர் பெற்றது. அங்கெல்லாம் மெஷினும் இருக்கிறது, நீங்கள் வரைந்தது மோல்டாக வந்து நிற்கும். சென்னை டைடல் பார்க்கில் 2022இல் டசால்ட் சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழக அரசு தொடங்கிய டான்கேம் மையமும் உண்டு. நீண்ட கோர்ஸ்கள் டிகிரி முடித்த பிறகு யோசிக்க வேண்டியவை, இரண்டாம் ஆண்டுப் பையனுக்கு இப்போது பொருந்தாது.

வீட்டு லேப்டாப்

நான் படித்த காலத்தில் இந்த வழி இல்லை. கிராக் செய்த சிடி ஒன்று ஹாஸ்டல் முழுக்கச் சுற்றும், கூடவே வைரசும். இன்று ஆட்டோடெஸ்க் தன் ஃபியூஷனையும் ஆட்டோகேடையும் மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது, கல்லூரி அடையாளத்தைக் காட்டி வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். சீமென்ஸின் சாலிட் எட்ஜுக்கும் மாணவர் பதிப்பு இலவசம். ஆன்ஷேப் பிரவுசரிலேயே ஓடும், மாணவர்களுக்கு அதுவும் இலவசம். ஆகவே கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண லேப்டாப்பிலும் ஒப்பேற்றலாம், நெட் மட்டும் அறுந்துபோகக் கூடாது. ஃபிரீகேட் முழுக்கத் திறந்த மூல மென்பொருள். 2002இல் ஆரம்பித்தது 1.0 பதிப்பை எட்டியது 2024 நவம்பரில்தான். இருபத்திரண்டு வருடம்! பொறுமைக்கு ஒரு கும்பிடு. பழைய பதிப்பில், முன்னால் போட்ட அம்சம் ஒன்றைத் திருத்தினால் அதை நம்பி நின்ற முகங்கள் பெயர் மாறி மாடல் குலைந்துபோகும். 1.0இல் அது பெருமளவு சரியாகிவிட்டது.

ஆன்ஷேப்பை ஆரம்பித்த ஜான் ஹிர்ஷ்டிக்தான் 1993இல் சாலிட்வொர்க்ஸ் கம்பெனியையும் ஆரம்பித்தவர். அதற்கு முதல் போட்டது எம்.ஐ.டி. மாணவர்களோடு சேர்ந்து பிளாக்ஜாக் சீட்டாடி ஜெயித்த பணம், பத்து லட்சம் டாலர். வீட்டில் சீட்டுக்கட்டைத் தொட்டால் முதுகில் விழுகிற ஊரில் இருந்து இதைப் படிக்கும்போது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

இலவசம் என்பதோடு இந்த வழியின் பெருமை முடியவில்லை. யூடியூபில் தமிழிலேயே வேண்டிய மட்டும் வீடியோ இருக்கிறது, நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் என் அளவுகோலில் வைத்தால் நான்கில் இதற்குத்தான் மிகக் குறைந்த மார்க். வீட்டில் தப்பு என்று சொல்ல ஒருவருமே இல்லை. வீடியோக்காரர் சொல்லும் எண்ணைத் தட்டினால் ஜெட் இன்ஜின் வந்துவிடும். அந்த எண் ஏன் என்று கேட்டால் அம்போ. போர்ட்ஃபோலியோவில் மேகத்தோடு நின்ற அந்த இன்ஜினை அப்படியே வேறு மூன்று பேர் போர்ட்ஃபோலியோவிலும் பார்த்திருக்கிறேன், மேகம் உள்பட.

இதற்கு ஒரு மாற்று உண்டு: வீடியோவை மூடிவிட்டு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். மிக்சி ஜாருக்கு அடியில் இருக்கும் கப்ளர், சைக்கிள் பெடல், குழாயின் உள்ளே இருக்கும் திருகு, கேஸ் அடுப்பின் பர்னர். ஒன்றைக் கழற்றி, வெர்னியரால் அளந்து, மாடல் போட்டு, டிராயிங் எடுத்து, அதை வேறொரு நண்பனிடம் கொடுத்து, பொருளைக் காட்டாமல் டிராயிங்கை மட்டும் வைத்து மறுபடி மாடல் போடச் சொல்லுங்கள். எந்த அளவு விட்டுப்போயிற்று என்று அவன் பத்து நிமிடத்தில் போனில் கத்துவான். திருத்த ஆள் கிடைத்துவிட்டார்.

கிராக் வெர்ஷன் இன்றும் சுற்றுகிறது. படிக்கும்போது யாரும் தேடி வரமாட்டார்கள் என்று நினைக்கலாம். அந்தப் பழக்கத்தோடு வேலைக்கு வந்து கம்பெனி கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் லைசென்ஸ்காரரிடம் இருந்து கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் வரும், உங்கள் வேலைக்கும் வேட்டு. மாணவர் லைசென்ஸை வைத்து வெளியாளுக்குக் காசு வாங்கி டிராயிங் போட்டுக் கொடுப்பதும் விதிக்கு எதிரானதுதான்.

சரி, எந்த மென்பொருள்?

மருமகன் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். 1988 வாக்கில் புரோ-இன்ஜினியர் வந்தது, இன்றைக்கு அதன் பெயர் கிரியோ. ஒரு தளத்தில் ஸ்கெட்ச் போடு, அளவால் கட்டு, இழுத்துத் திடமாக்கு, செய்த வரிசை பக்கவாட்டில் மரமாக நிற்கட்டும் என்ற முறையை வணிகத்தில் நிலைநாட்டியது அதுதான். 1995இல் வந்த சாலிட்வொர்க்ஸ், அப்புறம் இன்வென்டர், ஃபியூஷன், ஆன்ஷேப், ஃபிரீகேட் எல்லாம் அந்த இலக்கணத்தைத்தான் பேசுகின்றன. கேட்டியாவும் சீமென்ஸின் என்எக்ஸும் அதைவிடப் பழைய வேர் உள்ளவை, ஆனாலும் இன்று அவற்றிலும் அன்றாட வேலை இதே போக்குதான். ஒன்றில் கை தேர்ந்தவனுக்கு அடுத்ததில் பட்டன் இருக்கும் இடம் பழகச் சில வாரம் போதும். என்னிடம் சாலிட்வொர்க்ஸ் மட்டும் தெரிந்து வந்த ஒரு பெண் மூன்றாவது வாரம் கிரியோவில் டிராயிங் கொடுத்தார்.

தவிர, கம்பெனிகளே மாற்றிக்கொள்கின்றன. கேட்டியாவில் வேரூன்றி இருந்த, பென்ஸ் கார் செய்யும் டைம்லர் 2010இல் சீமென்ஸ் என்எக்ஸுக்கு மாறப்போவதாக அறிவித்தது. ஒரே மென்பொருளிலும் பதிப்பு மாறினால் வம்புதான்: ஏர்பஸ் ஏ380 தாமதத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, ஜெர்மனியில் கேட்டியாவின் நான்காம் பதிப்பும் பிரான்ஸில் ஐந்தாம் பதிப்பும் ஓடியது. ஹாம்பர்க்கில் கட்டிய ஒயர்கள் துலூஸில் விமானத்துக்குள் சேரவில்லை.

கார் பாடி, விமானம் என்று வளைந்த பரப்புகளில் ஆசை இருந்தால் பின்னால் கேட்டியா. மோல்டு, சிஎன்சி பக்கம் என்றால் என்எக்ஸ். எதுவும் தீர்மானம் இல்லை என்றால், கல்லூரி லேபில் எது இருக்கிறதோ அதையே ஆழமாக. ஆட்டோகேடுக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். 1982இல் வந்த அந்தக் கிழவர் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை, கோவையில் கணபதியிலும் குறிச்சியிலும் பாதி ஜாப் ஒர்க் டிராயிங் அதில்தான் வந்து போகிறது. ரெஸ்யூமேயில் ஏழு மென்பொருள் பெயர் போட்டிருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

பட்டறை

இதில் கம்ப்யூட்டரே இருக்காது, அல்லது ஓனரின் மேசைமேல் ஜிஎஸ்டி பில் போட ஒன்று இருக்கும். கேட் கற்கும் வழிகளில் இதை ஏன் சேர்த்தேன் என்று அக்காவே கேட்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஷாஃப்டுக்கு டிராயிங் போட்டேன். எல்லா அளவையும் இடது முனையில் இருந்து வரிசையாக எடுத்திருந்தேன், திரையில் படிக்கட்டு மாதிரி அழகாக இருந்தது. மறுநாள் லேத்தில் இருந்து கூப்பிட்டார்கள். டர்னர் அண்ணன் டிராயிங்கை எண்ணெய்க் கையால் நீவிக்கொண்டே, "தம்பி, நீங்க சொல்ற முனை சக்குக்குள்ள இருக்குதுங்க. நான் எங்கிருந்து அளக்கறது?" என்றார். நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரி, லேத்தில் பொருளைப் பிடிக்கும் சக்கு அந்த முனையை மறைத்திருந்தது. பேரிங் இடிக்கும் தோளில் இருந்து அளவைக் கொடுத்திருந்தால் அவர் ஒரே பிடியில் முடித்திருப்பார், எனக்கும் வேண்டிய அளவு கச்சிதமாகக் கிடைத்திருக்கும். டேட்டம் (அளவை எடுக்கத் தொடங்கும் ஆதாரம்) என்று நாலு வருடம் படித்த சொல் அந்த அரை நிமிடத்தில் விளங்கியது.

இன்னொன்று கொஞ்சம் செலவு வைத்தது. ஒரு மூடிக்கு வார்ப்பு டிராயிங் போடும்போது கடைசல் செய்யப் போகும் முகத்தில் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விட மறந்தேன். வார்ப்புக்கு மாதிரி செய்யும் பேட்டர்ன்காரர் மரத்தில் செதுக்குவதற்கு முன்னால், "இது இப்படியே ஊத்தறதுதானா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். திமிரில் "டிராயிங்ல இருக்கறபடி" என்றேன். வந்த முதல் லாட் முழுக்க ஸ்கிராப். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சுருங்கும், பேட்டர்ன் மணலில் இருந்து வெளியே வரச் சுவருக்குச் சரிவு வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பாடம். எந்த மென்பொருளும் அன்றைக்கு என்னை ஏன் என்று கேட்கவில்லை.

ஆகவே, விடுமுறையில் ஒரு மாதம் சிறு பட்டறை ஒன்றில் இருந்துவிட்டு வருவது, காசு கொடுக்காவிட்டாலும் லாபம்தான். கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ. சென்னையில் அம்பத்தூர், கிண்டி. ஓசூர், திருச்சியில் துவாக்குடி. பெரிய கம்பெனியின் சர்டிபிகேட்டுக்காக அலைவதைவிட எட்டு மெஷின் உள்ள ஷெட் மேல். பெரிய இடத்தில் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்துவிடுவார்கள். சின்ன இடத்தில் முதல் வாரம் பிசிறு தேய்க்க விடுவார்கள், இரண்டாம் வாரம் கேஜைக் கையில் கொடுப்பார்கள். 0.02 மில்லிமீட்டர் காட்டும் உங்கள் வெர்னியரால் எச்7 துளையைச் சோதிக்க முடியாது, அதற்குத் துளையை அளக்கும் போர் கேஜோ, வரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டும் காட்டும் கோ, நோ-கோ கேஜோ வேண்டும் என்பது அப்போதுதான் கைக்குத் தெரியும். பல ஓனர்களிடம் பழைய பார்ட்டுக்கு டிராயிங்கே இருக்காது. "நான் அளந்து போட்டுத் தரட்டுங்களா?" என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பாதுகாப்புக் கண்ணாடி, ஷூ எதுவும் யாரும் கொடுக்க மாட்டார்கள், நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். தளர்ந்த சட்டையோடு லேத் பக்கம் போகக் கூடாது. டாலரன்ஸ் எழுதாமலேயே வாய்ச்சொல்லில் ஓடும் பட்டறைகளும் உண்டு, அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கஷ்டம். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் சங்கடம்: நிறைய ஷெட்களில் ஒழுங்கான கழிப்பறையே கிடையாது, "இங்கே எதுக்கும்மா" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கல்லூரி ஒர்க்‌ஷாப்பும் மாணவர் ரேஸ் கார் குழுவும் நல்ல மாற்று. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு வண்டி கட்டும் குழுவில் ஒரு வருடம் இருந்தவரிடம் நான் அதிகம் கேள்வி கேட்பதில்லை. பைப்பைத் திரையில் எந்த ஆரத்திலும் வளைக்கலாம், பெண்டிங் கடைக்காரரிடம் இருக்கும் டை இரண்டோ மூன்றோதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

காசைப் பிரித்தால்

அக்கா சென்டருக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தை நானும் அவனும் உட்கார்ந்து பிரித்தோம். முதலில் நல்ல கம்பெனி வெர்னியர் ஒன்று, பேட்டரி இல்லாதது. லேப்டாப்புக்குக் கூடுதல் ரேம், 16 ஜிபி ஆக. சேஃப்டி ஷூ. மீதியைத் தொடவில்லை. இந்த செமஸ்டர் கல்லூரி லேபில் சாலிட்வொர்க்ஸ், வீட்டில் ஆன்ஷேப், மே மாதம் பட்டறை. மூன்றாம் ஆண்டு முடியும்போது எந்தத் துறை என்று ஓரளவு தெரிந்துவிடும். அப்போது கேட்டியாவோ என்எக்ஸோ வேண்டியிருந்தால், ஒரே ஒரு மென்பொருளுக்கு மட்டும் சென்டரில் கட்டட்டும், அந்த நேரத்தில் அது வீண் செலவாக இருக்காது.

எல்லோருக்கும் இதே கணக்கு பொருந்தாது. ஊரில் பட்டறையே இல்லை, கல்லூரி லேபும் பூட்டியே கிடக்கிறது என்றால் நான் முதலிலேயே சென்டருக்குப் போகச் சொல்வேன், அந்த இரண்டு கேள்வியைக் கேட்டுவிட்டு. எட்டாம் செமஸ்டரில் இருக்கிறவருக்கு மே மாதம் வரை காத்திருக்க நேரம் இல்லை. அவர் வீட்டில் ஐந்து நிஜப் பொருளை அளந்து டிராயிங் போட்டு எடுத்து வந்தால்கூட, மேகத்தில் மிதக்கும் இன்ஜினை ஒதுக்கிவிட்டு முதலில் அதைத்தான் புரட்டுவேன். சிவில் பிள்ளைகளின் கதை வேறு, ஆட்டோகேடும் ரெவிட்டும் சைட்டில் இருக்கும் மேஸ்திரியும் என்று அது தனிக் கட்டுரை.

போன ஞாயிறு மருமகனிடம் இருந்து வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. பாட்டி வீட்டு கிரைண்டரைக் கழற்றி, பேரிங் ஹவுசிங்கை அளந்து டிராயிங் போட்டிருந்தான். துளைக்கு 52 எச்7 சரியாக இருந்தது. பேரிங் உட்காரும் ஆழத்துக்குப் பதினைந்து என்று வெறுமனே எழுதி, எங்கிருந்து அளப்பது என்று காட்டாமல் விட்டிருந்தான். சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். கிரைண்டரை மறுபடி மாட்டிவிட்டானா என்று அம்மா என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.